லாபத்தைப் போல் 207 மடங்கு: 2000 மார்ச்சில் இன்ஃபோசிஸ் பங்கின் விலை நியாயமா?

2000 மார்ச் 31 அன்று இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு, அதாவது அதன் எல்லாப் பங்குகளின் விலையையும் கூட்டினால் வருவது, ரூ.59,338 கோடி. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச் 31 அன்று, ரூ.61,073 கோடி. இந்த ஐந்து ஆண்டுகளில் நிறுவனத்தின் ஆண்டு லாபம் ரூ.286 கோடியிலிருந்து ரூ.1,859 கோடியாக ஏறியது. ஆறரை மடங்கு. சராசரியாக ஆண்டுக்கு 45 சதவீத வளர்ச்சி. இந்தியாவில் பெரிய நிறுவனம் ஒன்று ஐந்து ஆண்டுகள் விடாமல் இந்த வேகத்தில் ஓடுவது அபூர்வம்.

ஆனால் 2000 மார்ச் இறுதியில் அந்தப் பங்கை வாங்கியவருக்கு விலை ஏற்றத்தால் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2004இல் 1 பங்குக்கு 3 பங்கு போனஸாக, பணம் வாங்காமல், கொடுத்தார்கள். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் ரூ.8,970 வாக்கில் வாங்கிய ஒரு பங்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து ரூ.9,030 பெறுமானம் உள்ளதாக இருந்தது. இடையில் சிறிதளவு டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்), 2004இல் பங்குக்கு ரூ.100 சிறப்பு டிவிடெண்ட். அவ்வளவுதான்.

ஒரு பங்கின் விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது என யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் கதையைத்தான். திவாலான நிறுவனங்களின் கதைகளில் கற்றுக்கொள்ள அவ்வளவாக ஒன்றும் இருக்காது. கணக்கு பொய், முதலாளி மோசம் என்று முடிந்துவிடும். இங்கே கணக்கு நேர்மையானது, நிர்வாகம் திறமையானது, வளர்ச்சியும் பேச்சாக இல்லாமல் கண்ணெதிரே நடந்தது. தப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது, விலையில்.

அந்த மார்ச் மாதம்

1981இல் புனேயில் நாராயண மூர்த்தியும் அவருடன் ஆறு பேரும் ரூ.10,000 முதலீட்டில் தொடங்கிய நிறுவனம் இது. 1993இல் பங்கு வெளியிட்டபோது விலை ரூ.95. அன்றைக்கு அதை வாங்கப் போதுமான ஆள் வரவில்லை. 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தியாவில் பதிவான நிறுவனங்களில் அங்கே போன முதல் நிறுவனம் அது.

நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048இல் உச்சம் தொட்டது. மும்பையிலும் மென்பொருள் என்ற சொல் பெயரில் இருந்தாலே பங்கு பறந்த காலம். இன்ஃபோசிஸின் சந்தை மதிப்பு 1999 மார்ச் இறுதியில் ரூ.9,673 கோடி. ஒரே ஆண்டில் அது ஆறு மடங்கானது. அதே ஆண்டில் லாபம் ரூ.133 கோடியிலிருந்து ரூ.286 கோடியாக, அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே உயர்ந்தது. லாபத்தைப் போல் 73 மடங்காக இருந்த விலை 207 மடங்கானது. ஆறு மடங்கு ஏற்றத்தில் தொழில் சம்பாதித்துக் கொடுத்தது இரண்டு மடங்கு. மீதியெல்லாம் வாங்குபவர்களின் மனநிலை மாறியதால் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இந்தியாவின் மொத்த மென்பொருள் ஏற்றுமதியே ஏறக்குறைய ரூ.17,000 கோடிதான். அதில் ரூ.882 கோடி வருமானம் பார்த்த ஒரே ஒரு நிறுவனத்துக்குச் சந்தை வைத்த விலை ரூ.59,338 கோடி.

தோப்புக்கு விலை பேசுவது போல

உள்ளார்ந்த மதிப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தென்னந்தோப்புக்கு விலை பேசுகிறவர் செய்வதும் அதுதான். எத்தனை மரம் காய்க்கிறது, வெட்டுக்கு எவ்வளவு காய், உரம், தண்ணீர், கூலி போக ஆண்டுக்குக் கையில் எவ்வளவு நிற்கும், இளங்கன்றுகள் காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு ஆகும், இந்தப் பணத்தைத் தோப்பில் போடாமல் வேறு எதிலாவது போட்டால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் பார்த்து மனசுக்குள் ஒரு தொகையை வைத்துக்கொள்கிறார். பக்கத்துத் தோப்பு போன மாதம் என்ன விலைக்குப் போனது என்பதையும் கேட்டுக்கொள்வார். ஆனால் அதை மட்டும் வைத்து விலை முடிக்க மாட்டார்.

பங்குக்கும் இதே வேலைதான். நிறுவனம் இனி வரும் ஆண்டுகளில் உரிமையாளருக்கு என்று எவ்வளவு பணம் விட்டுவைக்கும் என்று ஆண்டுவாரியாக எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஆண்டின் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் 100 ரூபாய் இன்றைய 100 ரூபாய் ஆகாது. ஆண்டுக்கு 15 சதவீதம் வேண்டும் என்று கேட்பவருக்கு அது இன்று சுமார் 25 ரூபாய்தான். 11 சதவீதம் போதும் என்பவருக்கு 35 ரூபாய். இந்தக் கழிவு விகிதத்தை யாரும் நமக்கு எழுதிக் கொடுப்பதில்லை. நமக்கு வேறு வழியில் எவ்வளவு கிடைக்கிறது, இந்த வழியில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று பார்த்து நாமே வைத்துக்கொள்வது. பத்தாண்டுக்குப் பிறகும் நிறுவனம் இருக்குமே, அதற்காகக் கடைசியில் இறுதி மதிப்பு என்று ஒரு தொகையைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் உள்ளார்ந்த மதிப்பு.

2000 மார்ச்சுக்கு எந்த விகிதத்தை எடுப்பது? அந்த ஆண்டு ஜனவரி நடுவில்தான் பி.பி.எஃப். என்ற அரசாங்கச் சேமிப்புத் திட்டத்தின் வட்டியை 12 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைத்தார்கள். வரி கிடையாது, அரசாங்க உத்தரவாதம், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அதில் 11 கிடைக்கும்போது, ஏறி இறங்கும் ஒரு பங்கில் பணம் போடுகிறவர் 15 சதவீதமாவது கேட்காமல் இருப்பது நியாயமில்லை. நான் 15 என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் கணக்கு: விலையிடமே கேட்பது

எதிர்காலத்தைக் கணிப்பதற்கு முன்னால் விலை என்ன எதிர்பார்க்கிறது என்பதைக் கேட்டுவிடலாம். இது ஒரு சாதாரண கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை.

ஆண்டுக்கு 15 சதவீதம் வேண்டுமானால் ரூ.59,338 கோடி ஐந்து ஆண்டில் இரண்டு மடங்காக, சுமார் ரூ.1,19,000 கோடியாக வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வளர்ச்சி சற்று நிதானமாகியிருக்கும். அப்போதும் சந்தை தாராளமாக லாபத்தைப் போல் 30 மடங்கு கொடுக்கும் என்று வைப்போம். (2005இல் உண்மையில் இருந்தது 33 மடங்கு, ஆக இந்த அனுமானம் மோசமில்லை.) அப்படியானால் 2005இல் லாபம் சுமார் ரூ.4,000 கோடி இருந்தாக வேண்டும். ரூ.286 கோடி ரூ.4,000 கோடி ஆவது என்றால் 14 மடங்கு. ஆண்டுக்கு 69 சதவீத வளர்ச்சி, ஐந்து ஆண்டும் விடாமல்.

இந்த எண்ணைப் பார்த்ததும் அதை மனிதர்களாக மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். மென்பொருள் சேவை நிறுவனத்தில் லாபம் என்பது ஆட்களின் உழைப்பு நேரத்தை விற்று வருவது. 2000 மார்ச்சில் இன்ஃபோசிஸில் இருந்தவர்கள் 5,389 பேர். ஆளுக்கு இவ்வளவு லாபம் என்ற கணக்கு பெரிதாக மாறாவிட்டால், 14 மடங்கு லாபத்துக்கு 75,000 பேர் வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் 70,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, உட்கார இடம் கட்டி, அவர்கள் எல்லோருக்கும் அமெரிக்காவில் வேலை பிடித்துக் கொடுக்க வேண்டும். 2005இல் உண்மையில் சேர்ந்திருந்தவர்கள் 36,000 பேருக்கு மேல். அதுவே பிரமிக்க வைக்கும் சாதனை. ஆனால் விலை கேட்டது அதைப் போல் இரண்டு மடங்கு.

கழிவு விகிதம், இறுதி மதிப்பு என்றெல்லாம் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது, இந்த ஒரு கணக்கை மட்டும் போடுங்கள். விலை கேட்பதை ஆள், ஆலை, வாடிக்கையாளர் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள். முடியுமா முடியாதா என்று அந்தத் தொழிலில் வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

இரண்டாவது கணக்கு: நம்பிக்கையோடு ஒரு கணிப்பு

சரி, இப்போது முன்னோக்கிப் போவோம். அன்றைக்கு உட்கார்ந்து ஒருவர் நல்ல நம்பிக்கையோடு எழுதியிருக்கக்கூடிய கணிப்பு இது: முதல் ஐந்து ஆண்டு 40 சதவீத வளர்ச்சி, அடுத்த ஐந்து ஆண்டு 20 சதவீதம், அதன் பிறகு என்றென்றும் 6 சதவீதம். லாபம் முழுவதையும் உரிமையாளருக்கான பணமாகவே எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் அப்படி வராது. வளரும் நிறுவனம் கட்டடம், கணினி என்று லாபத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். அன்றைய லாபம் மென்பொருள் ஏற்றுமதிக்குக் கிடைத்த வரிச்சலுகையோடு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சலுகைக்கு ஒரு முடிவுக் காலம் உண்டு என்பது 2000 பட்ஜெட்டிலேயே தெரிந்துவிட்டது. இரண்டையும் நான் கழிக்கவில்லை. கணக்கு நிறுவனத்தின் பக்கமே சாயட்டும்.

15 சதவீதத்தில் குறைத்தால் முதல் பத்து ஆண்டுகளின் லாபத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் ரூ.7,000 கோடி. அதற்குப் பிந்தைய காலம் முழுவதற்கும் ரூ.11,100 கோடி. கையில் இருந்த ரொக்கம் ஏறக்குறைய ரூ.500 கோடி, கடன் கிடையாது. மொத்தம் ரூ.18,700 கோடி. பங்கு ஒன்றுக்கு ரூ.2,800 சொச்சம்.

சந்தை விலை ரூ.8,970.

இந்த மாதிரிக் கணக்குகளில் 5 சதவீதம், 10 சதவீத வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. கையில் எடுக்கும் எண்கள் எல்லாமே ஊகம். வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டினால் விடை மாறும். ஆனால் விலை மதிப்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும்போது நுணுக்கம் தேவையில்லை. ஆள் குண்டா ஒல்லியா என்று சொல்ல எடை மெஷின் எதற்கு?

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இந்த ரூ.18,700 கோடியில் 60 சதவீதம் பத்தாண்டுக்கு அப்பால் இருக்கிறது. யாருக்கும் தெரியாத காலம் அது. வேகமாக வளரும் நிறுவனங்களுக்கு எப்போதும் இப்படித்தான் வரும், காய்ப்பு தூரத்தில் இருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட பங்குகளில் மதிப்புக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே பெரிய பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். மதிப்பு 100 என்று தோன்றினால் 65, 70க்கு வாங்கப் பார்க்க வேண்டும். 2000 மார்ச்சில் இடைவெளி தலைகீழாக இருந்தது.

மூன்றாவது கணக்கு: நாளைய செய்தித்தாள் கையில் இருந்தால்

"உனக்கு அந்த நிறுவனத்தின் அருமை தெரியவில்லை, 40 சதவீதம் என்று குறைத்துப் போட்டுவிட்டாய்" என்று ஒருவர் சண்டைக்கு வரலாம். நியாயமான சண்டைதான். உண்மையில் 45 சதவீதம் வளர்ந்ததே. அடுத்த ஐந்து ஆண்டும் நான் போட்ட 20ஐத் தாண்டி, ஆண்டுக்கு 27 சதவீதம் வளர்ந்தது.

ஆகவே கணிப்பை விட்டுவிட்டு நடந்ததையே போடுவோம். 2000 மார்ச்சில் ஒருவர் கையில் அடுத்த பத்து ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் கோடி ரூபாயில் அவருக்குத் தெரியும்: 2001இல் 623, பிறகு 808, 958, 1,243, 1,859. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகள் துணை நிறுவனங்களையும் சேர்த்துச் சுமாராக 2,450, 3,850, 4,650, 5,990, 2010இல் 6,220. பத்தாண்டில் இருபது மடங்குக்கு மேல். 2010க்குப் பிறகு 6 சதவீதம் என்றே வைப்போம்.

15 சதவீதத்தில் விடை: ரூ.29,300 கோடி. பங்குக்கு ரூ.4,400 சொச்சம். வருங்காலத்தை எழுத்துக்கு எழுத்து தெரிந்தவருக்கும் அன்றைய விலை மதிப்பைப் போல் இரண்டு மடங்கு.

2010க்குப் பிந்தைய வளர்ச்சியைக் குறைத்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதனால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, 2010 மார்ச்சில் சந்தையே வைத்த மதிப்பான ரூ.1,50,110 கோடியைப் போட்டுப் பார்த்தேன். விடை ரூ.47,800 கோடி. இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. லாபம் முழுவதையும் ஏற்கனவே எண்ணிவிட்டோம். அதில் பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுவனம் வைத்துக்கொண்ட பணம் 2010 சந்தை மதிப்புக்குள்ளும் இருக்கிறது. ஒரே பணத்தை இரண்டு தரம் எண்ணியும் ரூ.59,338 கோடி வரவில்லை.

அப்புறம் கழிவு விகிதத்தை மாற்றினேன். 12 சதவீதத்தில் ரொக்கத்தையும் சேர்த்து ரூ.48,600 கோடி. 11 சதவீதத்தில் ரூ.60,500 கோடி. இங்கேதான் விலையும் மதிப்பும் கிட்டத்தட்ட ஒட்டுகின்றன.

இந்த விடை வந்தபோது நம்ப முடியாமல் கணக்கைத் திரும்பவும் போட்டேன். அதே விடைதான். அன்று தபால் நிலையத்தில் பி.பி.எஃப். கணக்குக்குக் கிடைத்த வட்டி 11 சதவீதம். ஆக, 2000 மார்ச்சில் ரூ.8,970 கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பேரம் இது: இந்த நிறுவனத்தில் நல்லதெல்லாம் நடந்து, பத்தாண்டில் லாபம் இருபது மடங்கானால், எனக்குத் தபால் நிலைய வட்டி கிடைக்கும்; ஏதாவது ஒன்று தவறினால் அதுவும் கிடைக்காது.

வாங்கியவர்களில் யாரும் இதை இப்படி நினைத்து வாங்கியிருக்க மாட்டார்கள். விலைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை முதன்முதலாகப் பங்கில் போட்டவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒரே பங்கு, இரண்டு விலை

அந்த நாட்களில் நாஸ்டாக்கில் இன்ஃபோசிஸ் பங்குக்கான ரசீது (அமெரிக்காவில் பங்குக்குப் பதிலாகக் கைமாறும் ஏ.டி.ஆர். பத்திரம்) இந்திய விலையைவிட மிக உயரத்தில் விற்றது. ரூபாயில் கணக்கிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரே நிறுவனம், ஒரே லாபம், ஒரே பெங்களூரு வளாகம். ஆனால் இந்தியாவில் பங்கை வாங்கி அமெரிக்க ரசீதாக மாற்றி விற்க அன்று விதி இடம் கொடுக்கவில்லை, அதனால் இரண்டு விலையும் சேரவில்லை.

அப்போது பலர் சொன்னது: "அமெரிக்காவிலேயே இவ்வளவு கொடுக்கிறான், நமக்கு இங்கே மலிவாகக் கிடைக்கிறது." பக்கத்துத் தோப்பின் விலையை மட்டும் பார்த்து வாங்கும் வேலை இது. பக்கத்துத் தோப்பு கிறுக்கு விலைக்குப் போயிருந்தால் அதைவிடக் குறைந்த விலையும் கிறுக்கு விலையாகவே இருக்கலாம். இன்றும் "அந்தத் துறையில் மற்ற பங்கெல்லாம் 80 மடங்கு, இது 60 மடங்குதான்" என்று பரிந்துரைப்பவர்களைப் பார்க்கிறேன். ஒப்பீடு பயனுள்ள கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் தொடக்கம் நிறுவனம் ஈட்டப் போகும் பணத்தில் இருக்க வேண்டும்.

2003 ஏப்ரல்

நாஸ்டாக் 2002 அக்டோபரில் 1,114 வரை இறங்கியது. இன்ஃபோசிஸின் சந்தை மதிப்பு 2001 மார்ச்சில் ரூ.26,926 கோடி, 2002 மார்ச்சில் ரூ.24,654 கோடி, 2003 மார்ச்சில் ரூ.26,847 கோடி. மூன்று ஆண்டு அசையாமல் கிடந்தது. லாபமோ அந்த மூன்று ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் ஏறி ரூ.958 கோடியைத் தொட்டது. 207 மடங்கு 28 மடங்காகிவிட்டது.

2003 ஏப்ரல் 10 அன்று நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான தன் எதிர்பார்ப்பைச் சொன்னது. சந்தை நினைத்திருந்ததைவிடக் குறைவு. பங்கு அன்று ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. இன்ஃபோசிஸின் கதை முடிந்தது, இந்திய மென்பொருள் துறையே அவ்வளவுதான் என்ற பேச்சு எங்கும் கேட்டது.

அன்று மாலை கணக்குப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? நிறுவனமே பயமுறுத்தியிருக்கிறது, அதனால் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு 20 சதவீதம், அடுத்த ஐந்து 12 சதவீதம், பிறகு 6 சதவீதம், அதே 15 சதவீதக் கழிவு. விடை சுமார் ரூ.23,200 கோடி. கையில் இருந்த ரொக்கம் ரூ.1,600 கோடி வாக்கில். மொத்தம் ரூ.24,800 கோடி. மார்ச் இறுதி விலை இதற்குச் சற்று மேலே. கொஞ்சம் அதிகம், ஆனால் அநியாயம் இல்லை. வீழ்ச்சிக்குப் பிறகு சந்தை மதிப்பு ரூ.20,000 கோடி அளவுக்கு வந்துவிட்டது. அதாவது மதிப்பைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவு. மூன்று ஆண்டுக்கு முன்னால் நம்பிக்கையோடு போட்ட கணக்கில் விலை மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. இப்போது பயத்தோடு போட்ட கணக்கிலேயே விலை மதிப்புக்குக் கீழே நின்றது.

இதைச் சொல்லும்போது என் பாடு சுலபம், எனக்கு விடை தெரியும். அன்று விழும் பங்கைப் பார்த்துக்கொண்டே வாங்க நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அந்த நெஞ்சுரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கையில் தானே போட்ட ஒரு கணக்கு இருப்பவருக்குத்தான் வருகிறது. தொலைக்காட்சியில் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியவர், அடுத்த ஆள் வந்து வேறு சொன்னதும் விற்றுவிடுவார்.

கணக்கில் எதைப் பிடிவாதமாகப் பார்ப்பது

என்னிடம் வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலும் காணும் குறை, விலையை முதலில் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றாற்போல் வளர்ச்சியை வளைப்பது. விலை 500 என்றால் 550 வரும்வரை வளர்ச்சி விகிதத்தைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். விலையைப் பார்க்காமல், அல்லது ஒரு தாளால் மறைத்துக்கொண்டாவது, முதலில் மதிப்பை எழுதிவிட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் எனக்கு இதுதான் உதவியிருக்கிறது.

அடுத்தது, கழிவு விகிதமும் இறுதி வளர்ச்சியும். மேலே பாருங்கள், நடந்த லாபங்களை அப்படியே வைத்துக்கொண்டு விகிதத்தை மட்டும் 15இலிருந்து 11 ஆக்கியதும் மதிப்பு இரண்டு மடங்கானது. யாராவது உங்களிடம் ஒரு பங்கின் உள்ளார்ந்த மதிப்பு இவ்வளவு என்று ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்த விகிதத்தில் என்று கேளுங்கள். விடையாக ஒரு வீச்சு கிடைத்தால் அதுவே நேர்மையான விடை. 2000 மார்ச்சில் அந்த வீச்சு, அவரவர் அனுமானத்துக்கு ஏற்ப, ரூ.2,800 முதல் ரூ.9,000 வரை. விலை வீச்சின் மேல் விளிம்பில் நின்றது. 2003 ஏப்ரலில் கீழ் விளிம்புக்கும் கீழே நின்றது.

லாபம் அலைபோல் ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களுக்கும் வங்கிகளுக்கும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எஃகு நிறுவனத்தின் உச்ச ஆண்டு லாபத்தை அடிப்படையாக வைத்தால் மோசம் போவோம். அது தனிக் கதை.

இரண்டு பேர், ஒரே நாள்

2010 மார்ச் 31க்கு வருவோம். 2006இல் இன்னொரு முறை 1 பங்குக்கு 1 போனஸ் கொடுத்தார்கள். ஆக 2000இன் ஒரு பங்கு இப்போது எட்டுப் பங்கு. அந்த எட்டின் மதிப்பு சுமார் ரூ.20,900.

2000 மார்ச் இறுதியில் ரூ.8,970க்கு வாங்கிப் பத்தாண்டு பொறுமையாக வைத்திருந்தவருக்கு விலை ஏற்றத்தால் ஆண்டுக்கு 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. டிவிடெண்டைச் சேர்த்தால் 10ஐ ஒட்டி. இடையில் பாதிக்கு மேல் விழுந்ததையும் அவர் பார்த்துச் சகித்திருக்க வேண்டும்.

2003 மார்ச் இறுதியில், அந்த வீழ்ச்சிக்கும் முன்னால், ரூ.4,050 வாக்கில் வாங்கியவருக்கு ஏழு ஆண்டில் ஆண்டுக்கு 26 சதவீதம். ஏப்ரல் 10க்குப் பிறகு வாங்கியவருக்கு அதைவிட அதிகம். 2003க்கான என் கணக்கு தப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி என்று போட்டேன். வந்தது 37 சதவீதம். ரூ.24,800 கோடி என்று நான் சொன்ன நிறுவனம், நடந்த லாபங்களை வைத்துப் பார்த்தால் ரூ.40,000 கோடிக்கு மேல் பெறும். கணக்கு தப்பாகியும் வாங்கியவருக்கு நஷ்டமில்லை. 2000இல் நடந்ததை அப்படியே சரியாகக் கணித்தவருக்கும்கூட அந்த விலையில் மிஞ்சியிருக்கக்கூடியது 11 சதவீதம்.